சின்னக் கடைவீதி தட்டுவடை வண்டி: பல் இருப்பவர்களுக்கும் போனவர்களுக்கும்

இந்த வண்டிக்குப் பெயர் கிடையாது. பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் நான்கு பச்சை மிளகாயும் கம்பியில் கோத்துத் தொங்குகின்றன. சேலம் சின்னக் கடைவீதியிலிருந்து பட்டைக்கோயில் பக்கமாக நடந்தால் பாத்திரக்கடை ஒன்றை ஒட்டி ஒரு சந்து பிரியும். அதன் வாயில் நிற்கிறது. அந்த வட்டாரத்தில் தட்டுவடை வண்டிக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அடையாளம் சொல்லிவிடுகிறேன்: இங்கே கணவர் செட் போடுவார், மனைவி காசு வாங்குவார். ஒருவர் வேலையை மற்றவர் மறந்தும் தொடமாட்டார். காசு தொட்ட கை தட்டுவடையைத் தொடாது என்ற ஒரே காரணத்துக்காக ஆறு வருடமாக இங்கே போய்க்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டும் என்று தோன்றியது போன சனிக்கிழமை இரவுதான்.

அன்றைக்கு நாங்கள் நால்வர். கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில் 1993-இல் பி.காம். முடித்தவர்கள். மல்லிகா ஓமலூரில், ஜெயந்தி ஓசூரில், நசீமா சென்னையில். நான் மட்டும் பிறந்த செவ்வாய்ப்பேட்டையிலேயே, எங்கள் கொலுசுப் பட்டறையின் கணக்குப் புத்தகத்தோடு. நாங்கள் பார்த்துக்கொள்ளாமல் இல்லை. கல்யாணம், வளைகாப்பு, துக்கம் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம். ஆனால் அங்கே ஒருத்தி பந்தியில் நிற்பாள், ஒருத்தி இடுப்பில் பேரன் இருப்பான், ஒருத்தியைக் கணவர் வாசலில் நின்று கூப்பிடுவார். குடும்பம் இல்லாமல் நால்வரும் ஓர் இரவு ஊர் சுற்றியது இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. "வாசல் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள் அத்தை, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றாள் என் மருமகள். சாவியை எடுத்துக்கொள்ளச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எங்கே போவது என்பதில் ஒரு வாரம் வாக்குவாதம். ஏற்காடு போய் லேடீஸ் சீட்டில் நின்று, இருட்டில் கீழே மினுங்கும் சேலத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் ஜெயந்தி. இருபது கொண்டை ஊசி வளைவு. கல்லூரிச் சுற்றுலாவில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்தவள் மல்லிகா. "கீழே மினுங்கப் போவது நம் தெரு விளக்குதானே, அதன் அடியிலேயே நின்றுவிட்டுப் போகலாம்" என்று முடித்துவிட்டாள். என் தம்பி மகன் வேறு, "நான்கு பேர் மட்டும் இரவில் போகிறீர்களா அத்தை, குடிக்க என்ன ஏற்பாடு?" என்று கேலி செய்தான். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. எங்கள் நால்வரைப் பொறுத்தவரை அந்த உத்தரவை இன்னும் யாரும் திரும்பப் பெறவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மாலை ஆறு மணிக்குத் திருவள்ளுவர் சிலை அருகே கூடுவதாக ஏற்பாடு. நசீமா ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி டவுன் பஸ் பிடித்துப் பழைய பஸ் நிலையத்துக்கு வந்தாள். அவள் நினைவில் இருந்தது தரையோடு தரையாக இருந்த பழைய நிலையம். 2023-இல் திறந்த ஈரடுக்கு நிலையத்தில் இறங்கியவள் போனில் கேட்ட முதல் கேள்வி, "ஏய், நான் எந்த ஊரில் இறங்கியிருக்கிறேன்?"

அவளுக்கு ஓர் ஆசை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவின் முன்னால் நின்று படம் எடுக்க வேண்டுமாம். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய பெரிய ஸ்டுடியோவில் இன்றைக்கு மிச்சம் அந்த வளைவுதான். ஆட்டோ பிடித்துப் போனோம், எடுத்தோம், திரும்பினோம். நான்கு படத்திலும் மல்லிகா வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். காரணம் பிறகு தெரிந்தது.

ஏழு மணிக்கு ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். பெயரை எழுதமாட்டேன், சமையல்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாட்டுக்கோழி வறுவலில் மிளகு தூக்கலாக, சின்ன வெங்காயம் கரைந்துபோய், அப்படியொரு பதம். ஆனால் சனிக்கிழமை இரவு நல்ல மெஸ்ஸில் என்ன நடக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இலையில் கை வைத்த நிமிடத்திலேயே நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுவிடும். என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நான் ரசம் கேட்டதும் பெருமூச்சு விட்டார். அது என் கழுத்தில் பட்டது. இருபது நிமிடத்தில் நான்கு பேரும் கை கழுவிவிட்டுத் தெருவில் நின்றோம். அந்த இருபது நிமிடத்தில் நாங்கள் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம், அதில் இரண்டு பரிமாறுபவரிடம்.

"நான் சென்னையிலிருந்து வந்தது இதற்கா?" என்றாள் நசீமா.

அப்படித்தான் எட்டரை மணிக்கு நால்வரும் சின்னக் கடைவீதி வண்டிக்கு வந்து சேர்ந்தோம்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். மற்ற ஊர்களில் தட்டை என்று டப்பாவில் போட்டு வைத்துத் தனியாகக் கடிப்பார்களே, அதன் தம்பிதான் எங்கள் தட்டுவடை. அளவில் சிறியது, உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும். எங்களுக்கு அது முழுப் பலகாரம் ஆகாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்கறியும் வைத்து மூடினால்தான் செட். அதையே உடைத்துப் பிசறினால் நொறுக்கல். முறுக்கு வைத்துப் போட்டால் முறுக்கு செட், மாங்காய் வைத்தால் மாங்காய் செட். இப்படியே போகும்.

இந்த வண்டிக்காரர் செட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் ஒரு துண்டு வாழை இலை. அதன் மேல் ஐந்து தட்டுவடையைச் சீட்டு விளையாடுபவர் போல வரிசையாகப் போடுகிறார். சிவப்புச் சட்னிக் கரண்டி ஐந்தின் மேலும் ஒரே இழுப்பில் ஓடுகிறது. அது பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்தது, நாக்கில் படுவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடும். பிறகு துருவிய காரட், துருவிய பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு கிள்ளு கொத்தமல்லி. இதற்குள் இடது கை அடுத்த ஐந்து தட்டுவடையின் முதுகில் புதினாச் சட்னியைத் தடவி முடித்திருக்கும். அவற்றைக் கவிழ்த்து மூடி, அரை எலுமிச்சையைத் தட்டின் மேல் ஒரு சுற்று பிழிந்து நீட்டுகிறார். மூடும்போது அழுத்துவதில்லை, வைத்துவிட்டு விரலை எடுத்துவிடுகிறார். அழுத்தினால் விரிசல் விடும். விரிசல் வழியே சட்னி இறங்கினால் மொறுமொறுப்பு போய்விடும். எங்கள் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை வைக்கும் பெண்ணின் கையும் இப்படித்தான் வைத்துவிட்டு விலகும். அந்தக் கையைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கையைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

முன்கூட்டியே போட்டு அடுக்கி வைக்கும் வண்டிகள் இருக்கின்றன. கூட்டம் வந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம், வேகம். இவர் அதைச் செய்யமாட்டார். உங்கள் முறை வந்த பிறகுதான் தட்டுவடை டின்னின் மூடி திறக்கும், உடனே மூடும். அதனால் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பசியோடு போகிறவர்களுக்கு இது குறை. எங்களுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் மெஸ்ஸில் கிடைக்காமல் போனது.

ஒரு தட்டு வாங்கி நால்வர் கையும் அதில் நீளும். தீர்ந்ததும் அடுத்த தட்டு சொல்லிவிட்டு நிற்போம். நிற்கும்போது பேச்சு வரும். முதல் இடைவெளியில் யார் தலைக்குச் சாயம் பூசுகிறோம், யார் விட்டுவிட்டோம் என்பது முடிந்தது. இரண்டாவது இடைவெளியில் நசீமாவின் மகன் ஷார்ஜாவுக்கு அழைப்பதும், அவள் மாடித் தோட்டத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதும். மூன்றாவது இடைவெளியில் ஜெயந்தி, யாரும் கேட்காமலே, கார் ஓட்டக் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். அவள் கணவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கார் வாசலில் நிற்கிறதாம். வாரம் ஒருமுறை யாராவது வந்து கிளப்பாவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறதாம். ஒவ்வொரு வாரமும் பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்ச முடியவில்லை என்று பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள்.

"லைசென்ஸ் வாங்கிவிட்டாயா?"

"இரண்டு தடவை போனேன். எட்டு போடச் சொன்னார்கள். இரண்டு தடவையும் ஏழரைதான் போட்டேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் வண்டிக்காரர் நான்காவது தட்டை நீட்டினார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதற்குச் சிவப்புச் சட்னியைக் காரணம் சொன்னாள். அன்றைக்குச் சட்னி அவ்வளவு காரமாக இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

நொறுக்கலுக்கு வருகிறேன். கல்லூரி நாட்களில் பழைய பஸ் நிலையம் அருகே பாட்டி ஒருவர் கூடையில் வைத்து விற்பார். கோரிமேட்டிலிருந்து வந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் அடுத்த பஸ் கிளம்புவதற்குள் ஆளுக்கு இரண்டு செட். அன்றைக்கு எங்களில் யாரும் நொறுக்கல் கேட்டதில்லை. பல் இல்லாதவர்களுக்குப் பாட்டி செய்து கொடுக்கும் சலுகை அது என்றே நினைத்திருந்தோம். இந்தச் சனிக்கிழமை மல்லிகா வந்ததும் வராததுமாக, "எனக்கு நொறுக்கல், நன்றாக நுணுக்கி" என்றாள். மேல் வரிசையில் நான்கு பல் போய்க் கழற்றி மாட்டும் செட் வைத்திருக்கிறாளாம். கடினமாக எதையும் கடிக்கக் கூடாது என்று பல் மருத்துவர் எச்சரித்திருக்கிறாராம். புகைப்படச் சிரிப்பின் காரணம் இதுதான். "பல் செட் வைத்தவளுக்குத் தட்டுவடை செட் கிடையாது" என்று நசீமா சொன்னதற்கு முதுகில் ஒன்று வாங்கினாள்.

இங்கே நொறுக்கலை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. இரண்டாம் தரமாக இருக்கும், உடைந்த சரக்கைத் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு சந்தேகம். அது தவறு. செட்டுக்குத் திறக்கும் அதே டின்னிலிருந்து முழுத் தட்டுவடையையும் இரண்டு முறுக்கையும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கனமான பித்தளை டம்ளரின் அடியால் மூன்றே தட்டு. மல்லிகாவுக்காக ஐந்து. இரண்டு சட்னியும் காய்கறியும் சேர்த்துக் கிண்ணத்தை ஒரு குலுக்கு குலுக்கித் தட்டில் கொட்டினார். உதட்டில் காரம், அடுத்து பீட்ரூட்டின் லேசான இனிப்பு, கடைசியில் எங்கோ ஒளிந்திருந்த முறுக்குத் துண்டு ஒன்று. செட்டில் எல்லாக் கடியும் ஒன்றுபோல இருக்கும், நொறுக்கலில் ஒவ்வொரு வாய்க்கும் வேறு கணக்கு. வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போட்ட முட்டை நொறுக்கல் இன்னும் ஒரு படி மேல், மிளகுத்தூள் மட்டும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் வெட்கப்படாமல் கேட்கலாம்.

குறைகள் இருக்கின்றன. மாங்காய் செட்டுக்காகவே வந்தேன் என்றாள் ஜெயந்தி. மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில், ஆனி மாதத்தில், எட்டரை மணிக்கெல்லாம் மாங்காய் தீர்ந்துவிட்டது என்றால் யாரைத்தான் நோவது? ஏழு மணிக்கு முன்னால் போங்கள். உட்கார இடம் கிடையாது. சாக்கடை மேல் மூடிய சிலாப் ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்துக்குள் புகும் இருசக்கர வாகனம் ஒவ்வொன்றும் முழங்கையை உரசிவிட்டுப் போகிறது. ஆறாவது தட்டில் புதினாச் சட்னி உப்புக் கரித்தது. சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கிண்ணத்தை ஓரமாக வைத்து வேறு கிண்ணம் எடுத்தார். பெண்கள் கூட்டமாகப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: பக்கத்தில் கழிப்பறை கிடையாது, பழைய பஸ் நிலையம் வரை நடக்க வேண்டும். ஆடிப் பண்டிகை நாட்களில் இந்தப் பக்கமே வராதீர்கள். கோட்டை மாரியம்மனைப் பார்த்துவிட்டு வரும் ஊர் முழுவதும் இந்தச் சந்தில்தான் நிற்கும்.

ஒன்பதரை மணிக்குத் தூறல் போட்டது. வண்டிக்காரர் முதலில் டின்னை மூடினார், அடுத்து சட்னியை, கடைசியாகத்தான் தன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். நாங்கள் மூவரும் பாத்திரக்கடை இறவாணத்தின் கீழே ஒதுங்கினோம். மல்லிகா மட்டும் ஓமலூரிலிருந்து போன் வருகிறது என்று வண்டிக்குப் பின்பக்கம் போனாள். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அவள் கணவர் அவ்வளவு நேரம் போன் பேசுபவர் இல்லையே என்று யோசித்தேன், கேட்கவில்லை.

மழை விட்டதும் நசீமா செட் பார்சல் ஒன்று கேட்டாள். காலை ரயிலில் சாப்பிடுவாளாம். வண்டிக்காரர் தலையை ஆட்டினார்.

"செட்டாகப் போட்டுத் தரமாட்டேன் அக்கா. சந்தைத் தாண்டுவதற்குள் நமுத்துவிடும். தட்டுவடை தனி, சட்னி தனி, காய் தனியாகக் கட்டித் தருகிறேன். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

"ரயிலில் நான் எப்படிப் போடுவது தம்பி?"

"மடியில் ஒரு இலையை விரித்துப் போடுங்கள். மூடும்போது அழுத்தாதீர்கள்."

இலைத்துண்டைக்கூட மறக்காமல் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டினார். பார்சல் 60 ரூபாய். நசீமாவிடம் ஜன்னல் ஓர இருக்கையா என்று வேறு விசாரித்துக்கொண்டார். காற்றடித்தால் துருவிய காரட் பறக்குமாம்.

கணக்கு என் துறை. செட் 40 ரூபாய், நொறுக்கல் 50, முட்டை நொறுக்கல் 60. செட் ஐந்து, நொறுக்கல் மூன்று, முட்டை நொறுக்கல் இரண்டு, ஒரு பார்சல். 530 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

"570 அக்கா" என்றார் அந்தப் பெண்.

முப்பது வருடமாகப் பட்டறைக் கணக்கில் ஒரு கிராம் வெள்ளியை விட்டதில்லை நான். விடுவேனா? வாய்விட்டு வரிசையாகச் சொல்லிக் கூட்டிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியின் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்ன டப்பாக்களில் ஒன்றை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு டப்பாவாம். செட்டுக்குப் புளியங்கொட்டை, நொறுக்கலுக்குச் சோழி, முட்டை போட்டால் சோழியைக் குப்புற வைப்பார். சோழி ஐந்து, அதில் இரண்டு குப்புற. என் கணக்கு சரி. புளியங்கொட்டை ஆறு.

"செட் ஐந்துதான் அம்மா வாங்கினோம்."

"ஐந்து நீங்கள் வாங்கியது. ஆறாவது, மழை வந்தபோது அந்த அக்கா பின்னால் நின்று சாப்பிட்டது."

மூவரும் திரும்பிப் பார்த்தோம். மல்லிகா மிகவும் அக்கறையாக எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐந்தையும் கடித்தாயா?" என்றாள் ஜெயந்தி.

மல்லிகா பதில் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து நான்கு பத்து ரூபாய்த் தாள்களைத் தனியாக எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். உதட்டோரத்தில் பீட்ரூட்.